தோட்டா செய்வது எப்படி? – ஒரு தேவாரத்துக் கணக்கு

(டிஸ்கி: தலைப்பைப் பார்த்து பயப்பட வேண்டாம். மருந்து எத்தனை கிராம் போடணும் என்று ஒரு அளவுகூட இதில் கிடையாது. ஏன் கிடையாது என்பதுதான் பாதி விஷயமே.)

லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு டெக்ஸ் வில்லரைத் தெரியும். டெக்ஸைத் தெரிந்தால் அவர் கையில் இருக்கும் வின்செஸ்டரையும் தெரியும். விசைக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு லீவர். அதைக் கீழே தள்ளினால் சுட்ட கூடு வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே போய் உட்காரும். ஜெய்சங்கர் கௌபாய் தொப்பி போட்ட படங்களில் எல்லாம் அந்த "க்ளிக்-க்ளாக்" சத்தத்துக்குத் தனியாக விசில் விழுந்திருக்கும்.

இதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம், நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இருக்கிறது. பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைத் தேடிப் போனவர். 1954-ல் வந்த முதல் புத்தகத்திலிருந்தே அவருடைய கதைகளில் ஒரு துப்பாக்கி கூடவே வரும்: பாயிண்ட் 405 வின்செஸ்டர், மாடல் 1895. லீவர் வைத்ததுதான். ஜிம் கார்பெட் மாதிரி வேட்டைக்காரர்கள் போல்ட் இழுக்கும் ரைபிளும் இரட்டைக் குழல் ரைபிளும் வைத்திருந்த காலத்தில் இவர் கையில் ஒரு அமெரிக்கச் சரக்கு. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது எடுத்துப் போனதும் இதே 405-ஐத்தான்.

ஆண்டர்சனின் புத்தகத்தைப் படித்துவிட்டுக் கெட்டுப்போன ஒரு பையன் தேவாரத்தில் இருக்கிறான். பி.காம். மூன்றாம் வருடம். கேட்டால் கெட்டுப்போனேன் என்று ஒத்துக்கொள்ள மாட்டான், ரிசர்ச் என்பான் :-) 405 தோட்டா இப்போது எங்கே கிடைக்கும் என்று யூட்யூபில் தேடப்போனவன், நேராக வேறு ஒரு உலகத்தில் போய் விழுந்தான். அதுதான் கையால் தோட்டா நிரப்புகிறவர்களின் உலகம்.

விஷயம் இதுதான். 405 தோட்டா 1904-ல் வந்தது. பிற்பாடு கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திவிட்டது. துப்பாக்கி நூறு வருஷம் உழைக்கும், தோட்டா வரத்து நின்றுவிட்டால் அது வெறும் இரும்புக் கம்பி. 2000-களின் தொடக்கத்தில் மறுபடி தயாரிக்கும்வரை 405 வைத்திருந்த அமெரிக்கர்கள் பலரும் வீட்டு ஷெட்டில் உட்கார்ந்து தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். அங்கே அது சட்டப்படி நடக்கும் பொழுதுபோக்கு. புதுசும் இல்லை, 19-ஆம் நூற்றாண்டிலேயே வின்செஸ்டர் கம்பெனி துப்பாக்கியோடு தோட்டா நிரப்பும் கருவியையும் சேர்த்து விற்றிருக்கிறது.

ஒரு தோட்டாவில் நாலே நாலு சாமான்தான். பித்தளைக் கூடு. அதன் அடியில் பிரைமர், அதாவது அடித்தால் பொறி கிளப்பும் சின்னக் கேப்பு. உள்ளே மருந்து. வாயில் குண்டு. சுடும்போது மருந்தும் பிரைமரும் எரிந்துவிடும், குண்டு போய்விடும். கூடு மட்டும் மிஞ்சும். விலை கூடின சாமானும் அதுதான். அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதில்தான் மொத்த மிச்சமும் இருக்கிறது.

சுட்ட கூட்டைச் சுத்தம் செய்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, பிரெஸ்ஸில் வைத்து அழுத்தி, உப்பிய கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பழைய பிரைமரைத் தள்ளிவிட்டுப் புதுசு. கூடு நீண்டிருந்தால் நறுக்க வேண்டும். அப்புறம் மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை உட்காரவைத்து, வாயை இறுக்க வேண்டும்.

இதில் உயிர் போகிற இடம் "நிறுத்து" என்கிற ஒரு வார்த்தை. அவர்கள் கணக்கு கிரெய்னில். ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம். 405-ன் குண்டு 300 கிரெய்ன், அதாவது சுமார் 19.4 கிராம். நம்ம பாஷையில் இரண்டரைப் பவுனுக்குக் கொஞ்சம் கம்மி. மருந்தை அவர்கள் பத்தில் ஒரு கிரெய்ன் வரை பார்த்து நிறுக்கிறார்கள். அது 6.5 மில்லிகிராம். மருந்து வகைக்கு வகை எரியும் வேகம் வேறு. ஒரு வகைக்குச் சரியான அளவு இன்னொரு வகைக்குக் குழலை வெடிக்க வைக்கும். அதனால்தான் அச்சிட்ட கையேட்டில் இருக்கும் குறைந்த அளவிலிருந்து தொடங்கு, வாய்வழி கேட்ட அளவை நம்பாதே என்று எல்லோரும் அடித்துச் சொல்கிறார்கள். மேலே டிஸ்கி போட்டதும் இதற்காகத்தான்.

லீவர் துப்பாக்கிக்கு என்று தனிச் சிக்கலும் உண்டு. டெக்ஸ் வைத்திருக்கும் ரகத்தில் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கும். தோட்டாக்கள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக ரயில் பெட்டி மாதிரி நிற்கும். ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரில் முட்டும். குண்டு கூர்மையாக இருந்தால், சுடும் அதிர்ச்சியில் அந்த மூக்கே ஆணி மாதிரி பிரைமரை அடித்துவிடலாம். குழாய்க்குள்ளேயே வெடி. அதனால் அந்தத் துப்பாக்கிகளுக்குத் தட்டை மூக்குக் குண்டுதான். ஸ்பிரிங் முன்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருப்பதால் கூட்டின் வாயை நன்றாக இறுக்காவிட்டால் குண்டு உள்ளே இறங்கிவிடும்; உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் எகிறும். ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1895-ல் மட்டும் குழாய் கிடையாது, தோட்டாக்கள் பெட்டிக்குள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். அதனால் கூர்மூக்கும் போடலாம். முதல் உலகப் போரில் ரஷ்ய ராணுவம் ஏறக்குறைய 3 லட்சம் 1895-களை வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பையன் காமர்ஸ் ஆச்சே. உடனே காஸ்டிங் நோட்டை எடுத்தான். பிரெஸ், டை, தராசு எல்லாம் நிலையான செலவு. பிரைமர், மருந்து, குண்டு மாறும் செலவு. பித்தளைக் கூடு சொத்து, ஒவ்வொரு வெடிக்கும் தேய்மானம். கருவிக்கு 40,000 ரூபாய், கடைத் தோட்டா 300, தானே செய்தால் 120 என்று பரீட்சைக் கணக்கு மாதிரி சும்மா ஒரு எண் வைத்துப் பார்த்தான். தோட்டாவுக்கு 180 மிச்சம். 40,000-ஐ 180-ஆல் வகுத்தால் 223-வது தோட்டாவில் முதல் திரும்பும். வருஷத்துக்குப் பத்து வெடி வெடிக்கிற ஆளுக்கு இருபத்திரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அவன் பிள்ளையே காலேஜுக்குப் போகும்.

பணக் கணக்கு இப்படி. சட்டக் கணக்கு இதைவிட மோசம். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் "வெடிபொருள்/தோட்டா" என்பதற்கு எழுதியிருக்கும் விளக்கத்தை ஒருதடவை படித்துப் பாருங்கள். தோட்டாவின் பாகங்களும் தோட்டா. தோட்டா செய்யும் இயந்திரமும் தோட்டா! ஆக, ஷெட்டில் காலியாக நிற்கும் பிரெஸ்கூட சட்டத்தின் கண்ணுக்குத் தோட்டாதான். உரிமம் இல்லாமல் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். யூட்யூபில் அமெரிக்கத் தாத்தா காபி குடித்துக்கொண்டே செய்கிற வேலை இது.

அமெரிக்கத் தாத்தா இருக்கட்டும். பையனின் சொந்தத் தாத்தாவே வாழ்நாள் முழுக்கக் கையால் நிரப்பிச் சுட்டவர்தான். அது இத்தனை நாள் அவனுக்கு உறைக்கவே இல்லை.

தேவாரத்துக்கு மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் ஏலத்தோட்டங்கள். மலையடிவாரத்தில் கடலை, மக்காச்சோளம், தென்னை, இலவம். இரவானால் பன்றி இறங்கும், சில வருஷம் யானையும் இறங்கும். பக்கத்து ஊரான கோம்பையின் பேரில் ஒரு நாய் இனமே இருக்கிறதே, அது அலங்காரத்துக்கு வளர்த்த நாய் இல்லை. ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவிலேயே, பயிரைக் காக்க உண்மையாகவே தேவைப்படும் குடிமகனுக்கு வாய்வழி மருந்து போட்டு நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்கலாம் என்று தனியாகச் சொல்லியிருக்கிறது. தாத்தாவிடம் இருப்பது அந்த ரகம். ஒற்றைக் குழல். தோட்டா என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு வெடிக்கும் மருந்து, அடைப்பு, ரவை, கடைசியில் கேப்பு.

"லீவர் துப்பாக்கின்னா அஞ்சாறு தடவை தொடர்ந்து சுடலாம் தாத்தா."

"அஞ்சாறு எதுக்குடா? மொத வெடிச் சத்தத்துலயே பன்னி பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிரும். மிச்சத்த யாருக்கு வைப்ப?"

அவரிடம் தராசு இல்லை. மருந்து அளக்க ஒரு சின்னக் குப்பி, அவர் அப்பா கொடுத்தது. அந்தக் குப்பியைத் தவிர வேறு எதிலும் அளக்க மாட்டார். நிரப்பும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூடாது, பீடி ஆகவே ஆகாது. ஈரமான நாளில் தொடவே மாட்டார். யூட்யூபில் வருகிற புகையில்லா மருந்தை இதில் போடலாமா என்று பையன் கேட்டபோது மட்டும் அவருக்குக் கோபம் வந்தது. "விரல் பத்தும் வேணுமா வேணாமா?" அவ்வளவுதான் பதில். கரிமருந்துக்குச் செய்த குழலில் புகையில்லா மருந்தைப் போட்டால் குழல் கிழியும் என்று அமெரிக்கக் கையேடுகள் பக்கம் பக்கமாக எச்சரிப்பதும் இதையேதான்.

இப்போது வீட்டில் ஓடும் பிரச்சனை வேறு. 2016 ஆயுத விதிகளின்படி, உரிமம் வைத்திருப்பவர் 70 வயதைத் தொட்டாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, வாரிசுக்கு அதை மாற்றித் தர விண்ணப்பிக்கலாம். தாத்தாவுக்கு இரண்டும் ஆகிவிட்டது. கை நடுங்குகிறது. பேரன் பெயருக்கு மாற்றலாம் என்கிறார். பையனின் அம்மா, அந்தச் சனியனை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வாருங்கள் என்கிறார். ஒவ்வொரு தேர்தலுக்கும் கொண்டுபோய்க் கொடுத்து, ரசீது வாங்கி, திரும்ப எடுத்துவந்த அலைச்சல் அவருக்குத்தான் தெரியும்.

அம்மா பக்கம் நியாயம் நிறையவே இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்கு ஒரு முறை கொண்டுவந்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான். தாத்தாவின் கடலைக் காடு மலையை ஒட்டியே கிடக்கிறது. ஆக, பயிர்ப் பாதுகாப்புக்கு என்று வாங்கிய துப்பாக்கியால் அந்தப் பயிரைத் தின்னும் பன்றியைச் சுட முடியாது.

ஆனால் துப்பாக்கி போனால் அந்த இடத்தில் என்ன வருகிறது? பல ஊர்களில் வந்தது அவுட்டுக்காய். தின்பண்டத்துக்குள் வெடிமருந்து, கடித்தால் வாய் சிதறும். பன்றிக்கு வைத்ததை மாடு கடிக்கும், நாய் கடிக்கும். 2020 மே மாதம் பாலக்காடு பக்கம் சினை யானை ஒன்று அப்படித்தான் வாய் சிதைந்து, வெள்ளியாற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது. அதுவும் கையால் மருந்து நிரப்புகிற வேலைதான். ஒரே வித்தியாசம், வெடிக்கும் நேரத்தில் நிரப்பியவன் அங்கே இருக்க மாட்டான். யார் கடிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. தாத்தா கண்ணால் பார்க்காத எதையும் சுட்டது கிடையாது. கடைசிப் பத்து வருஷத்தில் பன்றியையே சுட்டது கிடையாது. தகரம் தட்டுவார், டார்ச் அடிப்பார், விடிய விடியப் பரணில் உட்கார்ந்திருப்பார். துப்பாக்கி பக்கத்தில் சாய்ந்திருக்கும்.

பையன் இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு போட்டு எழுதினான். வரவில் ஒன்றுமே இல்லை. செலவில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை உரிமம் புதுப்பிப்பது, தேர்தல் அலைச்சல், அம்மாவின் திட்டு. கணக்கைத் தாத்தாவிடம் படித்துக் காட்டினான். அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரிதான். நீ ஒப்படைச்சுரு. ஆனா ராத்திரி யாரு போய்ப் பரண்ல படுக்குறது? அதயும் கணக்குல எழுதுனியா?"

எழுதவில்லை. தோட்டா நிரப்பக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டவன், தோட்டத்தில் ஒரு ராத்திரிகூட விழித்திருந்ததில்லை. அதற்கு லைசென்சும் வேண்டாம், பிரெஸ்ஸும் வேண்டாம். கடலை பிடுங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை பரணுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறான். விண்ணப்பத்தை நிரப்புவதா வேண்டாமா என்பது அறுவடைக்குப் பிறகு. துப்பாக்கி மருந்தில்லாமல் தாத்தாவின் கட்டிலுக்கு மேலே, இரண்டு ஆணியில் மாட்டியபடி இருக்கிறது.