ஜூன் மாதப் பிறந்தநாள்

"ரிட்டயர்டு ஆனப்புறமும் சனிக்கிழமையானா முகாமுக்குப் போயிடுறீங்களே, அங்க டீச்சருக்கு என்ன வேலை?" என்று கூட வேலை பார்த்த ஒருவர் கேட்டார். பதில் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருப்பது இலங்கைத் தமிழர் முகாம். 2021இல் அதை 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு பெயர் மாற்றியது. நல்ல காரியம்தான். ஆனால் அகதிகள் குறித்த 1951ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று இங்கே தனிச் சட்டமும் கிடையாது. பாஸ்போர்ட் இல்லாமல் படகேறி வந்தவர், குடியுரிமைச் சட்டப்படி சட்டவிரோதக் குடியேறி. எத்தனை வருடம் இங்கே வாழ்ந்தாலும் விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்க முடியாது. 2019 திருத்தத்திலும் இலங்கையைச் சேர்க்கவில்லை.

ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்தியாவில் பிறந்தவர், தூதரகத்தார் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் போக, பிறப்பாலேயே இந்தியர். பெற்றோர் எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் தரச்சொல்லி 2022இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது இதை வைத்துத்தான். 1983 கலவரத்துக்குப் பின் வந்த குடும்பங்களில் இப்படிப் பிறந்தவர்கள் இன்று நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாதிப் பேருக்குத் தாங்கள் இந்தியர் என்பதே தெரியாது. தெரிந்தாலும் எப்படி நிரூபிப்பது? பலருக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. இருப்பது பள்ளிக்கூடத்து டிசி மட்டும்.

அங்கேதான் டீச்சருக்கு வேலை வருகிறது.

முகாமில் பெயிண்டிங் வேலைக்குப் போகும் ஒரு தம்பி. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அவர் பிறந்த தேதி 10.6.1987. அலுவலகத்தில் தாளைப் புரட்டிவிட்டு, "கரெக்டா கெடு தேதிக்கு முன்னாடி வருதே!" என்று சந்தேகமாகச் சிரித்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஆசிரியர்களுக்கு இந்தத் தேதியின் ரகசியம் தெரியும். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர்கள் போட்ட தேதி அது. தமிழ்நாட்டில் என் வயதுக்காரர்கள் ஏராளமானோர் மே, ஜூன் மாதங்களில் 'பிறந்தவர்கள்'தான்!

இலவசமாக வந்து உதவும் இளம் வக்கீல் தம்பி, "வேற ஏதாவது காகிதம் வேணுமே டீச்சர்" என்றார். அந்தத் தம்பியின் அம்மாவிடம் கேட்டேன். அவர் இன்னும் என்னை 'ரீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் சுருட்டி வைத்திருந்த பழைய முகாம் அட்டையை எடுத்து வந்தார். பணக்கொடைக்காகக் குடும்பத்தார் பெயர்களை எழுதிய அட்டை. கடைசி வரியில் 'ஆண் குழந்தை', பக்கத்தில் கையெழுத்து, தேதி: 1987 மார்ச். மார்ச்சில் அட்டையில் ஏறிய பிள்ளை ஜூனில் எப்படிப் பிறக்கும்?

இரண்டு தேதியும் ஒத்துப்போகவில்லையே என்று முதலில் பயந்தோம். வக்கீல்தான், எதை எடுத்தாலும் ஜூலை 1க்கு முன்னால்தானே என்றார். பள்ளித் தேதிகள் எப்படிப் போடப்பட்டன என்று நான் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். தாமதப் பிறப்புப் பதிவுக்குக் கோட்டாட்சியரிடம் மனு போயிருக்கிறது. உத்தரவு இன்னும் வரவில்லை.

இன்னொரு வீட்டுக் கதை இதைவிடச் சங்கடம். அம்மா 1985இல் இங்கே பிறந்தவர். அப்பா படகில் வந்தவர். 2004 மேயில் பிறந்த மகள், தாய் இந்தியர் என்பதால் இந்தியர். 2007இல் பிறந்த மகன் அப்படி இல்லை. 2004 டிசம்பர் 3 முதல், பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றாலே பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமை கிடையாது. "அக்கா மட்டும் எப்படி டீச்சர்?" என்று அந்தப் பையன் கேட்டபோது, சட்டப் பிரிவைச் சொன்னேன். வேறென்ன சொல்ல?

நண்பர்களே, ஒரு கோரிக்கை. முகாம்களை ஒட்டிய பள்ளிகளில் வேலை பார்த்தவர்கள் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் எந்த பீரோவில் இருக்கின்றன என்று இப்போதிருக்கும் தலைமையாசிரியரிடம் கேட்டு வையுங்கள். கரையான் அரிப்பதற்குள் சான்றிட்ட நகல் எடுத்துவிடலாம். அந்தக் கையெழுத்துகளைப் படிக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.