யார் வாங்கிப் போட்ட தட்டு?

"நீ பள்ளிக்கூடத்துல சோறு தின்ன தட்டு நம்ம மலை மண்ணுடா" என்று பெரியப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்டை மேட்டூருக்கு ஏற்றிப்போன லாரிகளில் ஒன்றை ஓட்டியவர் அவர். அடிவாரத்து டீக்கடையில் வேறு கதை: சத்துணவுத் தட்டெல்லாம் சேலம் உருக்காலை போட்டது, கஞ்சமலை இரும்பு. இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். நான் சாப்பிட்டது அலுமினியத் தட்டில்.

பெரியப்பா போய்ச் சேர்ந்த பிறகு, எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் புதுத் தட்டு, வாளி, கரண்டி வாங்கும் பேச்சு வந்தது. விசாரித்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. விலை கேட்கக் கிளம்பியவன் கூடவே அந்தப் பழைய வழக்கையும் தூக்கிக்கொண்டேன்.

டீக்கடைக் கதைக்குக் காலக்கணக்கு சாதகமாக இருந்தது. சேலம் உருக்காலைக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியது 1970 செப்டம்பர் 16. எவர்சில்வர் தகடு உருட்டும் பிரிவு ஓடத் தொடங்கியது 1981 செப்டம்பர். அடுத்த ஆண்டு ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கிவைத்தார். இடையில் சில மாதங்கள்தான். ஊர் முடிச்சுப் போட்டதில் வியப்பில்லை. ஆனால் அந்த ஆலையில் 2010 வரை உருக்கும் உலையே கிடையாது. வெளியிலிருந்து வந்த எஃகை மெல்லிய தகடாக உருட்டித் தருவதுதான் அதன் வேலை. கஞ்சமலையின் தாது அந்தத் தகட்டில் இல்லை.

அப்படியானால் பெரியப்பா சொன்னதுதானா? அவர் பக்கம் பலமான சாட்சி மேட்டூர். மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, ஊர் வழக்கில் மால்கோ, 1960-களின் நடுவில் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. சேர்வராயன், கொல்லி மலைகளின் உச்சி மண் அதன் தீனி. ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறக்குறைய நான்கு டன் பாக்சைட்டும் பதினைந்தாயிரம் யூனிட் மின்சாரமும் வேண்டும். நூறு கிராம் தட்டு ஒன்றுக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான மலை மண், ஒன்றரை யூனிட் கரண்ட். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று பெரியப்பாவின் லாரிச் சத்தமே கேட்டதுபோல் மகிழ்ந்தேன்.

மேட்டூரில் வார்த்த அலுமினியம் எங்கள் பள்ளித் தட்டுக்கு வந்து சேர்ந்த வழியைக் காட்ட ஓர் ஆள் வேண்டும். சேலத்தில் அலுமினியப் பாத்திரப் பட்டறை வைத்திருந்த முதியவர் ஒருவரைப் பிடித்தேன். மனிதர் அசைந்து கொடுக்கவே இல்லை.

"மேட்டூர்ச் சரக்கு வாங்குனீங்களாங்க?"

"வாங்குனோம்."

"அப்ப ஏற்காட்டு மண்ணுதானே?"

"பழைய கரண்ட் கம்பியும் வாங்குனோம். ஓட்டைக் குண்டானும் வாங்குனோம். வடக்கேயிருந்து சர்க்கிளும் வந்துச்சு. எல்லாம் ஒரே கொப்பரையில உருகுச்சு. அதுல எது உங்க மலைன்னு நான் எப்படிச் சொல்ல?"

சர்க்கிள் என்பது தட்டுக்காக வெட்டிவரும் வட்டத் தகடு. லேத்தில் மாட்டிச் சுழற்றி அழுத்தினால் விளிம்பு எழும். பில் இருக்குமா என்றேன். இல்லை. பட்டறை முத்திரை? பள்ளிக்குப் போன மலிவுச் சரக்கில் யார் முத்திரை குத்துவார்கள் என்று திருப்பிக் கேட்டார். மறுபடி போனேன், வேறு மாதிரிக் கேட்டேன், அதே பதில்தான். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், எத்தனை முறை வேண்டுமானாலும் உருகும். மலை, கம்பி, குண்டான் என்ற அடையாளமெல்லாம் அந்தச் சூட்டோடு போய்விடும்.

அவரே இன்னொன்றும் சொன்னார். அலுமினியப் பாத்திரம் மேட்டூரோடு பிறந்ததல்ல, அவருடைய தாத்தா காலத்திலேயே மெட்ராஸில் உண்டு என்றார். தேடினால், உண்மை. மெட்ராஸ் கலைப் பள்ளியின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் 1898-ல் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். 1903-ல் அதைத் தனியார் கம்பெனியிடம் விற்றார்கள். உலோகத்தின் பின்னால் போகப் போகப் பாதை நீண்டதே தவிர, என் தட்டு கிட்டே வரவில்லை.

அந்த நேரத்தில்தான், அடிவாரத்துப் பள்ளி ஒன்றில் வெகுகாலம் சத்துணவு சமைத்து ஓய்வுபெற்ற ஆயாவிடம் போனேன். தட்டு எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டதும் அவர் முகம் சுளித்தது.

"எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்குறியே கண்ணு, வர்றதுக்கு முன்னாடி எதுல தின்னாங்கன்னு கேட்டியா? வீட்டுலருந்து கொண்டாருவாங்க. ஒருத்தன் எவர்சில்வர் தட்டு, ஒருத்தி குண்டான் மூடி, ஒருத்தன் ஓட்டைத் தட்டு. மலைமேலருந்து வந்த புள்ள ஒண்ணு எலையை மடிச்சுக் கொண்டாரும். தட்டப் பாத்தாலே எந்த வீட்டுப் புள்ளன்னு சொல்லிடலாம். பள்ளிக்கூடத்துலயே தட்டு வந்தப்புறம் அந்தப் பேச்சே இல்ல."

என் தேடல் அங்கே திரும்பிவிட்டது. மண் எங்கிருந்து வந்தது என்பதை விட்டேன். பிள்ளையின் கையில் தட்டைக் கொடுப்பது பள்ளியின் வேலை என்று முடிவெடுத்தது யார்? அந்தக் கேள்வி 1982-க்குப் பின்னால் போயிற்று. 1956-ல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோது அரசுப் பணம் மட்டும் போதவில்லை. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராகக் கூட்டினார். ஊர்க்காரர்கள் நாற்காலி, சீருடை, சமையல் பாத்திரம் என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். உலோகம் எந்த மலையினுடையதாகவும் இருக்கட்டும், பொதுத் தட்டு பிறந்தது இத்தகைய முடிவுகளில்தான்.

முடிவு நல்லதாக இருந்தால் போதாது, தட்டும் நல்லதாக இருக்க வேண்டும் என்பதை ஆயாவே கற்றுக்கொடுத்தார். அலுமினியம் சூட்டை உடனே கடத்தும். சூடான சாதம் விழுந்ததும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தட்டைக் கீழே போட்டுவிடும். எவர்சில்வரில் சூடு விளிம்புக்கு மெதுவாகத்தான் ஏறும். புளிக்குழம்பு ஒரு பக்கம் அலுமினியத்தை அரிக்கும், தேய்க்கும் சாம்பல் இன்னொரு பக்கம் அரிக்கும். 2010-லிருந்து வாரத்துக்கு ஐந்து முட்டை என்றானபோது, அலுமினியக் குண்டானில் அவித்தவர்கள் உள்ளே கறுப்பதைப் பார்த்திருப்பார்கள்.

அவர் சொன்னதையும் கடைகளில் கேட்டதையும் சேர்த்துக் குழுவில் வைத்தேன். காந்தம் ஒட்டவில்லை என்பதால் மட்டும் எவர்சில்வரை நம்பக்கூடாது. பதினெட்டு சதம் குரோமியமும் எட்டு சதம் நிக்கலும் உள்ள 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான 200 வரிசையிலும் ஒட்டாது, ஆனால் அது உப்புக்கு அவ்வளவு தாங்காது. ஆகவே பில்லில் ரகத்தை எழுதி வாங்க வேண்டும். கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பதை மறக்கக்கூடாது. உருட்டி மடித்த விளிம்புக்குள் சோறு அடைந்து நாறும், விளிம்பு மூடியிருக்க வேண்டும். ரசம் வழியாத உயரம் வேண்டும், பொங்கலை வழித்துத் தின்னத் தட்டையான அடி வேண்டும். அடுக்கினால் ஒன்றுக்குள் ஒன்று சிக்கக்கூடாது. சாதம், சாம்பார், தண்ணீர் மூன்றுக்கும் ஆகிற வாளி, ஓர் ஆள் தூக்கும் கனத்தில் போதும்.

இப்போது இதற்கு அவசரம் கூடியிருக்கிறது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அடுத்த ஆகஸ்டில் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. காலையில் உப்புமாவும் மதியம் சாம்பார் சாதமும் என்றாகிவிட்டது. பள்ளிப் பாத்திரத்துக்கு உழைப்பும் கழுவலும் இரட்டித்துவிட்டன.

பெரியப்பா சொன்னதை மறுக்க என்னிடம் சான்றில்லை, அதை நான் மறுக்கவும் மாட்டேன். ஆனால் குழுவில் நான் வாதாடியது வேறொன்றுக்காக. எந்தப் பள்ளியும் பாத்திரம் வாங்குமுன் மாதிரித் தட்டு ஒன்றைச் சமையலரிடம் கொடுத்துத் தேய்க்கச் சொல்ல வேண்டும். சூடான சோற்றோடு அதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் இருவரும் சரி என்ற பிறகுதான் விலை பேச வேண்டும். பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு மேலேயும் சில தட்டுகள் வாங்கி வைக்க வேண்டும். ஆண்டு நடுவில் புதிதாகச் சேரும் பிள்ளையிடம் வீட்டிலிருந்து தட்டு கொண்டுவா என்று எந்தப் பள்ளியும் சொல்லிவிடக்கூடாது.