கிரகணமும் இல்லை, கத்திரிக்கோலும் இல்லை

அக்காவின் மகன் பிறந்தபோது மேலுதடு பிளந்திருந்தது. இதயத்திலும் ஒரு ஓட்டை. பார்க்க வந்த சனம் பிள்ளையைவிட அக்காவைத்தான் கூடப் பார்த்தது. "கிரகணத்தண்டு வெளியில வந்தனியோ?" "கத்திரிக்கோல் பிடிச்சனியோ?" அக்கா அழுதா. நாங்கள் வாயே திறக்கேல்ல. அதுதான் இண்டைக்கும் உறுத்துது.

பிறகு இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சோதினைக்காகப் பாடமாக்கின அதே நிறமூர்த்தங்கள்தான். பொதுவாக ஒரு உடற்கலத்தில் 23 சோடி, மொத்தம் 46. எங்கட குஞ்சனுக்கும் எண்ணிக்கை சரி. ஆனால் ஒன்றின் நுனியில் இன்னொன்றின் துண்டு மேலதிகமாக ஒட்டியிருந்தது. இரண்டு பிரதி இருக்கவேண்டிய பரம்பரையலகுகள் மூன்றாகிவிட்டன. உதடும் இதயமும் உருவாகிற முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே அளவு பிசகிவிட்டது.

பெற்றோரையும் சோதித்தார்கள். அத்தானின் இரண்டு நிறமூர்த்தங்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றி வைத்திருந்தன. மொத்தத்தில் கூடவுமில்லை, குறையவுமில்லை. அதனால் அவருக்கு ஒரு வருத்தமுமில்லை. விந்தணுவுக்குப் பங்கு பிரியும்போதுதான் கணக்குத் தப்பியது. வேறு சில குடும்பங்களில் இந்த மாற்றம் தாயிடமிருந்து வரும். சிலவேளை இருவரிடமும் இல்லாமல் பிள்ளையில் புதிதாகவே நேரும்.

"அப்ப பிழை அவரிலயோ?" எண்டு பெரியம்மா கேட்டா. இல்லை. ஆரும் தெரிஞ்சு செய்யாததுக்குப் பிழை எண்டு பேரில்லை. அடுத்த பிள்ளைக்கு முதல் மரபணு ஆலோசனை எடுக்கலாம், அவ்வளவுதான்.

குஞ்சனுக்கு உதடு தைச்சாச்சு. இப்ப சிரிக்கிறான். இனி ஆரும் கிரகணக் கதையோட வந்தால், நாங்கள் சும்மா இருக்கமாட்டம்.