5,000 டாலரில் ஒரு தேர்

முல்லைத் திணைப் பாடல்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமை வருவது தலைவன் மீதல்ல, அவனுடைய பாகன் மீது. வினை முடிந்துவிட்டது, கார்காலம் வந்துவிட்டது, தேரை விரைந்து செலுத்தச் சொல்கிறான் தலைவன். ஈர மண்ணில் சக்கரங்கள் பதியப் பதியக் குதிரைகளை விரட்டிச் செல்லும் அந்தப் பாகன் அடைந்த இன்பத்தைப் புலவர்கள் யாரும் தனியாகப் பாடியதாகத் தெரியவில்லை. ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரே கேம்ரியில் அலுவலகம் போய்வந்துகொண்டிருந்தவனுக்கு இப்படியெல்லாம் தோன்றுவது இயல்புதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2013 இலையுதிர் காலத்தில் மகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். இரண்டே இருக்கைகள் உள்ள வண்டியை வாங்க முடியாது என்பதற்கு அதுவரை நான் சொல்லிவந்த காரணம் ஒரே நாளில் இல்லாமல் போயிற்று. வீட்டுக் கூரையை மாற்ற ஒதுக்கியிருந்த பணத்தில் 5,000 டாலர் மிஞ்சியது. அந்தத் தொகைக்குப் பழைய ஜெர்மானிய விளையாட்டுக் கார்கூடக் கிடைக்கும். ஆனால் அத்தகைய கார்களுக்கு வாங்கும் விலைதான் ஆண்டுதோறும் இறங்குமே தவிர, பழுதுபார்க்கும் விலை இறங்குவதில்லை. யானையைச் சும்மா கொடுத்தாலும் கரும்புக்கு எங்கே போவது?

ஆகவே மாஸ்டா மியாட்டா. 1970களின் இறுதியில் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் சொன்ன யோசனை அது: பழைய ஆங்கிலேயத் திறந்த கார்களைப் போல எளியதாகவும் இலேசானதாகவும் ஒரு வண்டி, ஆனால் காலையில் ஒழுங்காகக் கிளம்ப வேண்டும். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அது வெளிவந்தது. 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 950 கிலோ. இன்றைய குடும்பக் கார்கள் பல இதைவிட வேகமாக ஓடும். வேகம் அதன் நோக்கமே அல்ல. அதை உருவாக்கியவர்கள் 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியத் தொடரைத் தங்கள் இலக்காக வைத்திருந்தார்கள். குதிரையும் அதன் மேலிருப்பவனும் ஓருடல் என்று பொருள். என் பாகனுக்கு இது புரிந்திருக்கும்.

முதலில் பார்த்தது ஊருக்குப் பக்கத்திலேயே, ஒரு பழைய கார் வியாபாரியிடம். கண்ணைப் பறிக்கும் சிவப்பு. 2,800 டாலர். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தேன். இந்த வண்டியின் துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள இரண்டு துளைகள் வழியாகக் கீழே வடிய வேண்டும். இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் நீர் கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டுக்குள் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். போதாததற்கு எங்கள் ஊரில் குளிர்காலம் முழுவதும் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். கதவருகே காந்தத்தை வைத்தேன். வழுக்கிக் கீழே விழுந்தது. தகடு இருந்த இடத்தில் பட்டி பார்த்துப் பளபளவென்று வர்ணம் பூசியிருந்தார்கள். வியாபாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு உப்பு குறைவாக விழும் தெற்கு மாநிலங்களில் தேடினேன். 2014 ஏப்ரலில் டென்னசியின் நாக்ஸ்வில் அருகே 1991ஆம் ஆண்டு வண்டி ஒன்று அகப்பட்டது. வெளுத்துப்போன நீலம், 1,38,000 மைல் ஓடியது, கேட்ட விலை 3,500. திரும்பும்போது கேம்ரியை ஓட்டிவர மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன்.

விற்பவர் 78 வயது முதியவர். தரையில் படுத்து, டார்ச் விளக்கடித்து ஒருமணி நேரம் சோதித்தேன். காந்தம் எல்லா இடத்திலும் பிடித்தது. கிராங்க் முனையிலுள்ள புல்லியில் எட்டுத் துளைகள். நான்கு மட்டும் இருந்தால் அது முனை தேயும் குறையுள்ள தொடக்க கால எஞ்சின். டைமிங் பெல்ட்டை 1,20,000 மைலில் மாற்றியிருந்தார். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். வெளியே போவது குறைந்துவிட்டது என்றார். சாவியைக் கையில் கொடுத்து, இருவரும் ஒரு சுற்றுப் போய்வாருங்கள் என்று அனுப்பினார்.

மலையடிவாரச் சாலையில் மூன்றாவது கியரில் முதல் வளைவைக் கடந்தபோதே நான் வாங்கிவிட்டேன். திரும்பி வந்துதான் விலை பேசினேன்.

இங்கேதான் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். கிளட்சுக்குப் பக்கத்தில் ரப்பர் மூடியின் அடியில் லேசான எண்ணெய்க் கசிவைப் பார்த்திருந்தேன். அங்குள்ள சிறிய உருளை ஒன்று பழுதாகியிருந்தது. கைக்குள் அடங்கும் சாமான், நாற்பது டாலருக்குள் முடிந்துவிடும். இந்த வண்டிகளில் அடிக்கடி வருவதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் "கிளட்ச் முழுவதையுமே மாற்ற வேண்டியிருக்கலாம்" என்றேன். அவர் குனிந்து பார்த்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், 400 டாலர் குறைத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு இது தெரியவில்லையே என்று வருத்தமும் தெரிவித்தார். புறப்படும்போது ரசீதுகள் நிறைந்த ஒரு காலணிப் பெட்டியைத் தந்தார்.

முல்லைக்கொடிக்குப் பாரி கொடுத்த தேர்தான் நம் இலக்கியத்தில் கைமாறிய முதல் பழைய வண்டியாக இருக்க வேண்டும். அங்கே பேரம் எதுவும் நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் இரவு அந்தப் பெட்டியைப் பிரித்தோம். ஒவ்வொரு ரசீதின் தலையிலும் தேதியும் மைல் கணக்கும், சாய்வான, நேர்த்தியான கையெழுத்தில். எண்ணெய் மாற்றியது, டயர் வாங்கியது, துணிக்கூரையைப் புதுப்பித்தது. 2009 கோடை வரைக்கும் அதே எழுத்து. அதன்பின் பெரிய, நடுங்கும் எழுத்துகள். பலவற்றில் மைல் கணக்கே இல்லை. அந்த ஒருமணி நேரத்தில் அவர் தம் மனைவியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அந்த 400 டாலரைத் திருப்பி அனுப்பிவிடவா?" என்று கேட்டேன்.

"என்னன்னு எழுதி அனுப்புவீங்க?" என்றாள் மனைவி.

மூன்று முறை எழுதிப் பார்த்தேன். உண்மையைச் சொல்லாமல் எழுத வரவில்லை. சொல்லி எழுதத் துணிவில்லை. அனுப்பவில்லை.

உருளை 32 டாலருக்குக் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல், காரை முட்டுக்கொடுத்துத் தூக்கிவைத்து, அடியில் படுத்து நானே மாற்றினேன். பாதி எண்ணெய் முகத்தில் கொட்டியது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து ரசீதைப் பெட்டிக்குள் போடப் போனபோது, "இருங்க" என்று மனைவி அதை வாங்கிக்கொண்டாள். மைல் எவ்வளவு என்று கேட்டாள். போய்ப் பார்த்துவந்து சொன்னேன். தேதியோடு சேர்த்து ரசீதின் தலையில் எழுதி, பெட்டிக்குள் வைத்தாள்.