மாட்டுக்கு ஊறுகாய்

ஏரியூர்ப் பக்கம் மாசி பிறந்தாலே மாடு வைத்திருப்பவர்களுக்குக் கவலை பிடித்துவிடும். மேட்டூர் அணைத் தண்ணீர் நாகமரை வரை வந்து நிற்கும். மேட்டுக்காட்டுக்கு அதனால் என்ன பயன்? வானம் பார்த்த சோளமும் சாமையும் கடலையும்தான் கதி.

கால்நடைத் துறையில் இருந்தபோது பசுந்தீவனம் பதப்படுத்தும் பயிற்சிகளுக்காக இங்கே பலமுறை வந்திருக்கிறேன். நம் விவசாயிக்குச் சேர்த்து வைக்கத் தெரியாது என்று சொல்பவர்கள், இங்குள்ள சோளத்தட்டுப் போர் ஒன்றைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். எத்தனை மழை பெய்தாலும் உள்ளே ஈரம் இறங்காது. ஆனால் அதில் இருப்பது, சத்தெல்லாம் கதிருக்குப் போன பிறகு மிஞ்சிய தட்டு. வயிறு நிறையும், பால் சுரக்காது.

ஊறுகாய்ப் புல் என்பது வேறு. சோளம் பூத்துப் பால் பிடிக்கும்போதே வெட்டி, ஓரிரு அங்குலமாக நறுக்கி, குழியில் போட்டு, காற்று இல்லாமல் மிதித்து மூடிவிட வேண்டும். உள்ளே புளித்து உண்டாகும் லாக்டிக் அமிலம் தீவனத்தைக் கெடாமல் காக்கும். ஏறக்குறைய 45 நாளில் எடுக்கலாம். பனியில் மாடு வளர்க்கும் பின்லாந்துக்காரர் விர்ட்டனனுக்கு 1945இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்ததில் இந்தத் தீவனப் பதனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களுக்குப் பனி, நமக்குக் கோடை.

ஒரு பயிற்சியில், பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா கேட்டார்:

"பால் புடிக்கையிலயே அறுத்துட்டா நாங்க கஞ்சிக்கு என்ன பண்றது சார்?"

சரியான கேள்வி. மாட்டுக்குத் தீனி போடுவது, சாணி அள்ளுவது, பால் கறப்பது எல்லாம் பெண்கள். பயிற்சிக்கு அழைக்கப்படுவது ஆண்கள். அதனால்தான் இந்தக் கேள்வி பல கூட்டங்களில் வராமலே போனது. தானியச் சோளத்தைத் தொட வேண்டாம், ஓர் ஓரத்தில் கோ எஃப்எஸ் 29 தீவனச் சோளத்தை மழையோடு விதைக்கலாம் என்றேன். மழை ஏமாற்றிக் கதிர் வராது என்று தெரிந்த பயிரையும் பதப்படுத்தலாம். வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்து மாடு சாவதை நாம் பார்த்திருக்கிறோம். நன்றாகப் பதனமானால் அந்த நஞ்சு பெருமளவு குறையும். குருத்துப் பயிரை மட்டும் வெட்டக் கூடாது.

இரண்டு மாட்டுக்காரருக்குப் பெரிய குழி சரிப்படாது. திறந்த பின் தினமும் எடுக்காவிட்டால் பூசணம் பிடிக்கும். கனமான பிளாஸ்டிக் பை போதும். மாட்டுக்கு நாளொன்றுக்கு 10 கிலோ என்றால், இரண்டு மாட்டுக்கு 100 நாளுக்கு 2 டன். 40 கிலோ பையாக 50 பை. மலைப்பாகத் தோன்றினால் பாதியாவது போடுங்கள். மீதிக்குத் தட்டு இருக்கிறது.

2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது. காட்டு மேய்ச்சலில் வளர்ந்த ஆலம்பாடி மாடு அப்படிப்பட்ட கோடையையும் ஓரளவு தாங்கும். சீமைக் கலப்பு மாடு தாங்காது. தீனியில்லாமல் கிடைத்த விலைக்கு விற்றவர், மழை வந்ததும் அதே மாதிரி மாட்டை அந்த விலைக்கு வாங்க முடியுமா?

பையைப் பிரித்ததும் புளிப்பு வாசம் அடிக்கும், அது நல்லது. கறுத்தோ பூசணம் பூத்தோ இருந்தால் கொட்டிவிடுங்கள். முதல் இரண்டு நாள் மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். தட்டோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும். கறந்த பிறகே போடுங்கள், இல்லாவிட்டால் பாலில் அந்த வாசம் ஏறும்.