அட்டை வாங்கின வைபவம்

நாம் பட்டதாரி, அதிலும் கணக்குப் போதிக்கும் பட்டதாரி. ஆகையால் வெம்பாக்கத்தில் நம் சுற்றத்தார் யாரேனும் ஒரு யந்திரம் வாங்குவதானால், அது தண்ணீர் இறைக்கும் மோட்டாராயினும் சரி, மாவரைக்கும் கிரைண்டராயினும் சரி, முதலில் நம் அபிப்பிராயத்தைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. நாமும் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவோம். "தெரியாது" என்னும் சொல் உபாத்தியாயர்களின் நாவில் எளிதில் வருவதில்லை அல்லவா?

2024-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் நம் அக்காள் மகன் வந்து நின்றான். காலேஜில் படிக்கும் பிள்ளை. மாலை வேளைகளிலும் விடுமுறைகளிலும் தகப்பனாரின் தறியில் உட்கார்ந்து, ஒரு வருஷமாகச் சேர்த்த கூலி 22,000 ரூபாய் அவன் கையில் இருந்தது.

"மாமா, வீட்டுக் கம்ப்யூட்டரில் விளையாடுவதற்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். எந்தக் கம்பெனி நல்லது?" என்று கேட்டான்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. விளையாட்டுக்கு இத்தனை பணமா என்பதனால் அல்ல. அதற்கு முந்தின வருஷம் நம் பேச்சைக் கேட்டுத்தான் அவன் 7,000 ரூபாய்க்குப் பழைய கார்டு ஒன்று வாங்கினான். "பார்க்கப் புதிதுபோல் இருக்கிறதே!" என்று கடையிலே நின்று அதற்கு நற்சாட்சிப் பத்திரம் வழங்கியவர் நாமே. மூன்றாம் மாதம் அது கண்ணை மூடிவிட்டது. பிறகுதான் விசாரித்தோம். ஈதர் என்னும் மின்நாணயம் எடுப்பதற்காக இராப்பகலாய் உழைத்துக் கொண்டிருந்த கார்டுகள், 2022 செப்டம்பரில் அந்த முறையே மாறிவிட்டதும், வேலையிழந்து சந்தைக்கு வந்தன. நம் கார்டும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்திருக்க வேண்டும். பையன் நம்மை ஒரு வார்த்தை குறை கூறவில்லை. கூறியிருந்தால் தேவலை.

ஆகவே இம்முறை இரண்டு இரவு கண் விழித்துப் படித்தோம். படிக்கப் படிக்கக் குழப்பந்தான் மிகுந்தது. ஆசூஸ், ஜிகாபைட், எம்.எஸ்.ஐ., ஜோடாக், சபையர் என்று பெயர்கள் ஜவுளிக் கடைப் பலகைகள்போல் வரிசையாக நின்றன. மூன்றாம் நாள் குறிப்பு நோட்டுடன் அக்காள் வீட்டுக்குப் போனோம். அவள் கணவர் குழித்தறியில் இருந்தார்.

"நூல் யாருடையது, நெசவு யாருடையது என்று பிரித்துச் சொல்லுங்கள், மச்சான்" என்றார், நாடாவை நிறுத்தாமலே.

நேயர்களே, கம்ப்யூட்டரைத் தொட்டறியாத அந்த மனிதர் கேட்ட கேள்வியில் நம் இரண்டு இரவுக் குழப்பமும் தீர்ந்தது. நூல் என்பது நடுவிலுள்ள சில்லு. அதை வகுப்பவர்கள் என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் ஆகிய மூவரே. மற்றப் பெயர்களெல்லாம் நெசவாளர்கள். அந்தச் சில்லை வாங்கி, வெப்பம் தணிக்கும் தகடும் விசிறியும் பூட்டி, தங்கள் முத்திரையோடு விற்பவர்கள். ஜோடாக் என்விடியா நூலில் மட்டும் நெய்வது, சபையர் ஏ.எம்.டி. நூலில் மட்டும். ஒரே சில்லுடைய இரண்டு கார்டுகளுக்குள் வேகத்தில் பெரிய வித்தியாசம் இராது. சூடு, சத்தம், உத்தரவாதம் இவற்றில்தான் வித்தியாசம்.

"அப்படியானால் மூன்று விசிறியும் வர்ண விளக்கும் எதற்கு?" என்றார்.

"பெரிய கார்டுகளுக்கு அவசியம். சின்னதற்கு இரண்டு விசிறி போதும்."

"சரிதான். சேலையைவிட அட்டைப்பெட்டிக்கு விலை அதிகம் கொடுக்கக் கூடாது."

பிறகு நூலை ஆராய்ந்தோம். இன்டெலின் ஆர்க் கார்டுகள் பழைய கம்ப்யூட்டரில் முழு வேகம் காட்டமாட்டா, பையனுடையது பழையது, ஆகவே அதை ஒதுக்கினோம். எஞ்சியவை என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 3050-உம், ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6600-உம். முந்தியதில் ஒரு சூட்சுமம் இருந்தது. 2022-இல் வந்த 3050-க்கு 8 ஜி.பி. நினைவகம், 2024-இல் அதே எண்ணில் 6 ஜி.பி. கார்டு ஒன்று வந்தது. கணக்கிடும் உறுப்புகள் 2,560-லிருந்து 2,304 ஆகக் குறைந்திருந்தன. 70 வாட்டில் தனிக் கம்பியில்லாமல் ஓடுவது அதன் நன்மை, வேகம் குறைவு. பெயர் ஒன்று, சரக்கு இரண்டு! இதைக் கேட்டதும் அக்காள் கணவர் சிரித்தார். பட்டு என்ற ஒரே பெயரில் எத்தனை சரக்கைப் பார்த்தவர் அவர்!

6600-உம் 8 ஜி.பி.தான். சாதாரண விளையாட்டுகளில் அது 3050-ஐ நன்றாகவே முந்தும். ஒளியும் நிழலும் இயற்கைபோல் தோன்றச் செய்வதிலும், சித்திர வேலைக்கான மென்பொருள்களிலும் என்விடியாவுக்கே அனுகூலம் அதிகம். "உனக்கு எது வேண்டும்?" என்று பையனைக் கேட்டோம். அந்தக் கேள்வியை நாம் முந்தின வருஷம் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"விளையாடத்தான், மாமா" என்று தலை குனிந்துகொண்டு சொன்னான்.

"இதில் சுதேசி எது?" என்று அக்காள் உள்ளிருந்து கேட்டாள். இரண்டு சில்லுகளும் வெளிநாட்டிலேயே வார்க்கப்படுகின்றன. ஆயினும் அக்கம்பெனிகளுக்காகப் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் நம்மவர் பலர் வேலை செய்கிறார்கள் என்று சொல்லித் தேற்றினோம்.

மேலும் ஒன்று சொன்னோம். தறியின்மேல் தொங்கும் ஜாக்கார்டு அட்டைகளைக் காட்டி, 1804-இல் பிரான்சில் பிறந்த அந்தத் துளையட்டையைப் பார்த்துத்தான் பாபேஜ் என்ற ஆங்கிலேயர் தம் கணிப்பொறிக்கு யோசனை எடுத்தார் என்றோம்.

"அப்படியானால் நம் வீட்டில் அட்டை வாங்குவது புதிதல்ல" என்றார் அக்காள் கணவர்.

சென்னை ரிச்சி தெருவில் 6600 கார்டு வாங்கினோம். இரண்டு விசிறி, மூன்று வருஷ உத்தரவாதம். கடைக்காரர் புகழ்ந்த விளக்குக் கார்டைப் பையனே வேண்டாமென்றான். நாம் வாய் திறக்கவில்லை. ரசீதை அக்காள் பட்டுச் சேலைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

அன்றிரவு பையன் நம்மையும் மோட்டார் ஓட்டச் சொன்னான். நாம் நேரே ஒரு மதிலில் மோதினோம். "பரவாயில்லை, மாமா, இன்னொரு தடவை" என்றான் பிள்ளை.