மூன்றாவது இருநூறு

எண்ணூறு மீட்டர் ஓட்டம் என்றால் 400 மீட்டர் ட்ராக்கில் இரண்டு சுற்று. என் மாஸ்டர் ஒருநாளும் அதை இரண்டு சுற்று என்று சொன்னதில்லை. "நாலு இருநூறு, கண்ணு" என்பார். "முதல் இருநூறுல யாரும் தோக்கற மாதிரி தெரியாது. அங்கதான் தோக்கறாங்க. தோத்தது மூணாவதுலதான் தெரியும்." கோவை நேரு ஸ்டேடியத்தில் அவரிடம் சேர்ந்தபோது இந்தச் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டேன். அவை காலுக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது.

பள்ளியில் நான் நூறும் இருநூறும் ஓடியவள். துப்பாக்கி வெடித்தால் முழு வேகம், அவ்வளவுதான் தெரியும். எண்ணூறில் முதல் வளைவு முடியும்வரை அவரவர் லேனில் ஓட வேண்டும். அதன்பின் குறுக்கே ஒரு கோடு வரும், அதைத் தாண்டியதும் எல்லோரும் உள்பக்கம் வந்துவிடலாம். அந்தக் கோட்டுக்கு முதலில் போய்விட வேண்டும் என்ற ஒரே நினைப்பில் பறப்பேன். முதல் சுற்று 65 விநாடி. கடைசிச் சுற்று மணி அடிக்கும்போது நான்தான் முன்னால் இருப்பேன். மணியைக் கடந்து ஐம்பது மீட்டர் போவதற்குள் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறும், விரல்கள் தாமாக இறுகி முஷ்டியாகும், முட்டி மேலே வராது. பாதம் தரையைத் தட்டிவிட்டு எழாமல் அப்படியே பதியும். இரண்டாம் சுற்று 82 விநாடி. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போவதை வெளிப்பக்கக் காதில் கேட்டுக்கொண்டே ஓடியிருக்கிறேன்.

மெதுவாக ஓடு என்று மாஸ்டர் சொல்லவில்லை. மூச்சு அடங்கியதும் ஒரு கேள்விதான் கேட்டார்: "முதல் இருநூறு எத்தனை?" "32 இருக்கும் சார்." கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். 30. "வேகமா ஓடினது தப்பில்ல. எத்தனைல ஓடறோம்னு தெரியாம ஓடினதுதான் தப்பு" என்றார்.

அந்தக் கணக்கை உடம்பே மறைத்துவிடும் என்பதை அவர்தான் விளக்கினார். முதல் சில விநாடிகளுக்குத் தசையில் ஏற்கெனவே இருக்கும் சக்தியே போதும். அதனால் முதல் நூறு மீட்டர் எப்போதும் லேசாகவே இருக்கும். அந்த லேசை நம்பி இன்னும் கொஞ்சம் தட்டிவிட்டால், தேவைப்படும் சக்திக்கு ஆக்ஸிஜன் ஈடுகொடுக்காது. தசையில் அமிலத்தன்மை ஏறும். அதற்கான விலையை 450-ஆவது மீட்டரில் கால் கொடுக்கும்.

அப்புறம் விசில் பயிற்சி. ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒரு கூம்பு. 16.5 விநாடிக்கு ஒரு விசில். விசில் அடிக்கும் நொடியில் நான் கூம்புக்கு நேராக இருக்க வேண்டும். முதல் கூம்பை மட்டும் எப்போதும் முன்னதாகவே தொட்டுவிடுவேன். அதில் எனக்கு ஓர் உள்ளூர மகிழ்ச்சி இருந்தது. அவருக்கு இல்லை. "முந்தறதும் பிந்தறதும் ஒண்ணுதான்" என்று திரும்ப அழைத்து, தொடக்கக் கோட்டிலிருந்து மறுபடி ஓடவிடுவார். பல வாரங்கள் முழுப் பயிற்சியும் அந்த முதல் நூறிலேயே கழிந்தது. கோபம் வந்திருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் முழு ஓட்டம் ஓட, நான் மட்டும் ஒரு வளைவையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஓடாத நாட்களில் ஸ்டாப்வாட்சை என் கையில் கொடுப்பார். கண்ணை மூடிக்கொண்டு, 16.5 விநாடி ஆனதாகத் தோன்றும்போது கட்டைவிரலால் அழுத்த வேண்டும். முதலில் 14-லேயே அழுத்திவிடுவேன். பதற்றம் இருந்தால் இன்னும் சீக்கிரம். அந்தச் சின்னப் பொத்தானைக் காத்திருந்து அழுத்தக் கற்றபின்தான், நேரத்தைக் காதாலோ கண்ணாலோ அல்லாமல் மூச்சால் எண்ணலாம் என்று புரிந்தது.

அதன்பின் விசிலை நிறுத்தினார். இருநூறு ஓடிவிட்டு, அவர் கடிகாரத்தைக் காட்டுமுன் நான் சொல்ல வேண்டும். நன்றாகத் தூங்கிய நாளில், ஓடியதைவிட மெதுவாகச் சொன்னேன். களைத்த நாளில் வேகமாகச் சொன்னேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் படும் பாடு மட்டுமே, வேகம் அல்ல. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இதை இன்னும் குழப்பியது. எதிர்காற்றில் இருநூறுக்கு அதே 33 விநாடி என்று போராடினால் அடுத்த வளைவில் ஒன்றும் மிஞ்சாது. அங்கே கடிகாரத்தை விட்டுவிட்டு, ஒருவர் முதுகுக்குப் பின்னால் அடங்கி ஓடச் சொன்னார். வளைவில் மட்டும் இரண்டாம் லேனில் ஒதுங்கி ஓடக்கூடாது. ஒரு வளைவுக்கு நாலு மீட்டர் போலக் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும்.

இன்னொரு பிடிவாதமும் எனக்கு இருந்தது. ஜெயிப்பவர்கள் கடைசியில் வேகத்தைக் கூட்டுகிறார்கள் என்று நம்பினேன். மாஸ்டர் தன் போனில் 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதியைப் போட்டுக் காட்டினார். டேவிட் ருடிஷா 1 நிமிடம் 40.91 விநாடியில் உலக சாதனை படைத்த ஓட்டம். முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63. உலகத்திலேயே வேகமாக ஓடியவரும் இரண்டாம் சுற்றில் இரண்டு விநாடிக்கு மேல் தளர்ந்திருக்கிறார். அடுத்து 1972 மியூனிக். தொப்பி போட்ட டேவ் வாட்டில் பாதி ஓட்டம்வரை கடைசியில் வந்து, முடிவில் எல்லோரையும் தாண்டித் தங்கம் வாங்கினார். பார்ப்பவருக்கு அவர் பாய்ந்து வந்த மாதிரி இருக்கும். உண்மையில் அவருடைய நான்கு இருநூறும் ஏறக்குறைய 26 விநாடி சொச்சம்தான். அவர் வேகம் கூடவில்லை, மற்றவர்கள் வேகம் குறைந்தது. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீராம் சிங்கைப் பற்றியும் சொன்னார். 1976 மாண்ட்ரியல் இறுதியில் முதல் சுற்றை 50.85-இல் முன்னின்று நடத்தியவர் நம்மவர். கியூபாவின் ஹுவான்டொரேனா 1:43.50 என்று உலக சாதனையோடு வென்றார், ஸ்ரீராம் 1:45.77-இல் ஏழாவது. அந்த நேரத்தை 2018-இல் ஜின்சன் ஜான்சன் முறியடிக்கும்வரை 42 ஆண்டுகள் இந்தியாவில் யாரும் தாண்டவில்லை. முன்னே ஓடித் தோற்றவர் என்று அவரைச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தன் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்து ஓடியவருக்குத்தான் அந்த நேரம் வரும்.

எனக்கு மிகக் கடினமாக இருந்தது மூன்றாவது இருநூறு. அங்கே அதே பாடு பட்டால் வேகம் இறங்கிவிடும். அதே வேகம் வேண்டுமென்றால் கூடுதலாகப் பாடுபட வேண்டும். அதற்கென ஒரு பயிற்சி: 400-ஐப் போட்டி வேகத்தில் ஓடி, அரை நிமிடம் மட்டும் நின்று, உடனே 200. அதில் நான் 450-இல் திடீரென்று பாய்ந்து, முடிவதற்குள் உட்கார்ந்துவிடுவேன். "பாயாத. தோளை இறக்கு. கையை மட்டும் சுறுசுறுப்பாக்கு, கால் தானா வரும்" என்று உள்பக்கப் புல்தரையில் கூடவே ஓடிவந்து கத்துவார். வெளியூர்ப் போட்டி ஒன்றிலும் அப்படியே பாய்ந்து, ஓடிமுடித்து ட்ராக்கிலேயே வாந்தியெடுத்தேன். அவர் தண்ணீர் கொடுத்துவிட்டு, அந்த இருநூறின் நேரத்தை மட்டும் சொன்னார்.

பிறகு ஒரு காலையில் 600 மீட்டர் ஓடி நின்று, "1 நிமிடம் 41" என்றேன். கடிகாரத்தில் 1:41.3. "சரி, அடுத்தது" என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்று தோள் ஏறாமல் இருந்ததை நான் ஓடும்போதே உணர்ந்தேன்.

கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் முதல் இருநூறு முடிந்தபோது நான் கடைசிக்கு முந்தைய ஆள். கேலரியிலிருந்து "போ, போ" என்று கத்தினார்கள். போகவில்லை. 33, 34, 34.5, 35. மூன்றாவது இருநூறில் நான் எதுவும் புதிதாகச் செய்யாமலே நான்கு பேர் என் பக்கம் வந்து பின்னால் போனார்கள். 2 நிமிடம் 16.5 விநாடி, மூன்றாம் இடம். அந்த நான்கு எண்களை மாஸ்டர் நோட்டில் எழுதித் தேதி போட்டார்.

உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் எண்ணூறு ஓடும்போது தொடக்கத்தில் "முன்னாடி போ" என்று கத்தாதீர்கள். ஒவ்வொரு இருநூறிலும் நின்று நேரத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். நான்கு கூம்பும் ஒரு விசிலும் போதும். சுண்ணாம்புக் கோடு போட்ட மண் மைதானத்திலும் இதைச் செய்யலாம்.